கேலிப்பருக்குப் பெயின்ட்: கழற்றாமலா, கழற்றியா, புதிதாக மாற்றியா?

சக்கரத்தைக் கழற்றியதும் செம்மண், அதற்கடியில் பிரேக் பேடின் கருந்தூள், அதற்கும் அடியில் பொரிந்த துரு. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் சாகாவிலும் மைவியிலும் கேலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் பிடித்து நிறுத்தும் பிரேக் பாகம், இப்படித்தான் இருக்கும். இந்தச் சிறு கார்களின் கேலிப்பர் வார்ப்பிரும்பு. புதிதில் அதன்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு சில வருட மழையில் போய்விடும். தீபாவளிக்கு முன் காரைப் பளபளப்பாக்க நினைப்பவர்கள் ஹார்டுவேர் கடையில் சிவப்பு பைலாக்ஸ் ஸ்பிரே பெயின்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே சக்கரத்தின் பக்கம் குனிகிறார்கள். நிறம் கடைசியில் வரும் விஷயம். அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது: பிரேக் எண்ணெய் ஓடும் பாதையைத் திறக்கப் போகிறோமா, இல்லையா? செலவும் நேரமும் ஆபத்தும் அதைப் பொறுத்தே அமையும்.

வழிகள் நான்கு. பிரேக் எண்ணெய் வரும் ரப்பர் ஹோஸைத் தொடாமல், கேலிப்பரைக் காரிலேயே வைத்துச் சுத்தம் செய்து பிரஷ்ஷால் பூசுவது முதல் வழி. முழுவதும் கழற்றி, சீல் மாற்றி, துரு நீக்கிப் பூசுவது இரண்டாவது. கழற்றிய உடம்பை ஈப்போவுக்குக் கொண்டுபோய் பவுடர் கோட்டிங் (தூள் பெயின்டைப் படியவைத்து அடுப்பில் சுடுவது) செய்து வாங்குவது மூன்றாவது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதையோ, பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் ஹால்ஃப் கட் கடைக் கேலிப்பரையோ வாங்கிப் பூட்டுவது நான்காவது. கேலிப்பர் வடிவத்தில் சிவப்பாக வரும் பிளாஸ்டிக் மூடியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சூட்டை வெளியே விடாது. கழன்றால் ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கும்.

ஓர் ஆறுதல்: பெரும்பாலான சாகா, மைவி, கான்சில் கார்களில் பின்னால் டிரம்தான். ஆகவே வேலை முன்பக்க இரண்டு கேலிப்பர்களோடும் அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகளோடும் முடிகிறது.

முதலில் நோயைப் பாருங்கள்

எந்த வழி என்பதைக் கேலிப்பரே சொல்லிவிடும். காரைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். தோட்டக் குடியிருப்பில் மண்தரை மட்டும் இருந்தால் ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை போட வேண்டும். மழை பெய்த மண்ணில் ஸ்டாண்டின் கால் சத்தமில்லாமல் புதையும். ஜேக்கை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விட வேண்டாம்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் அங்கே ஏதோ பிடித்திருக்கிறது. பிறகு பேடுகளை எடுத்து அளந்து பாருங்கள். உள்பேட், அதாவது பிஸ்டன் தள்ளும் பேட், வெளிப்பேடைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பி வரவில்லை என்று சந்தேகிக்கலாம். வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் வழுக்கி நகர உதவும் கைடு பின் காய்ந்து, கேலிப்பர் நகராமல் நிற்கிறது. பேட் சாய்வாக, ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் பிடித்திருக்கலாம்.

அடுத்தது பிஸ்டன். போன்னட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். நிரம்ப இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய பேடை பிஸ்டன்மேல் வைத்து, ஜி-கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஒரே சீராக வழுக்கிப் போனால் பிஸ்டன் நல்ல நிலையில் இருக்கிறது. நடுவில் முரண்டு பிடித்தால், அல்லது தூசி ரப்பர் கிழிந்து உள்ளே ஈரம் தெரிந்தால், முதல் வழி உங்களுக்கு இல்லை.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது காற்றை வெளியேற்றக் கேலிப்பரில் இருக்கும் சிறு திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் குற்றவாளி கேலிப்பர் இல்லை. உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்: பழைய ரப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கி, எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும், அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் பம்பில் கோளாறு இருக்கும். நிப்பிளைத் திறந்தும் பிடிப்பு விடவில்லை என்றால்தான் பிஸ்டனோ பின்னோ காரணம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கேலிப்பரை மாற்றிவிட்டு, அதே ஹோஸைத் திரும்பப் பூட்டி, அதே பிடிப்போடு காரை ஓட்டுகிறவர்கள் உண்டு.

அந்த நிப்பிள் திறக்கிறதா என்பதே பாதி முடிவு. முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். திறந்த வாய் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஆறு முனை ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் போட்டு, லேசாகத் தட்டி, இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துப் பிறகு திருப்புங்கள். முறிந்தால், துளைபோட்டு எடுக்கும் கூலி புதுக் கேலிப்பரின் விலையை நெருங்கிவிடும். ஆகவே சீல் கிட் வாங்குவதற்கு முன் நிப்பிளைச் சோதியுங்கள்.

வழி ஒன்று: ஹோஸைத் தொடாமல்

பிஸ்டன் வழுக்கிப் போகிறது, தூசி ரப்பர் கிழியவில்லை, எங்கும் கசிவு இல்லை. துருவும் அசிங்கமும் மட்டுமே பிரச்சினை. இப்படிப்பட்ட காருக்கு இந்த வழியே போதும். தோட்டத்துக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும் என்பது எங்கள் கருத்து. எண்ணெய்ப் பாதை திறக்காததால் காற்று புகாது, அதை வெளியேற்றும் பிளீட் வேலையும் இல்லை. ஒரு முற்பகலில் முடியும். வீட்டில் ஒரே கார், விடிவதற்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போக அந்தக் கார்தான் வேண்டும் என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

கேலிப்பரின் இரண்டு கைடு பின் போல்ட்டுகளைக் கழற்றி, உடம்பைத் தூக்கிச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்க விடக்கூடாது. உள்ளே நூல் அறுந்தால் வெளியே தெரியாது. பிராக்கெட்டையும் கழற்றிவிட்டால் அதைத் தனியாக மேசைமேல் வைத்து ஒழுங்காகச் சுத்தம் செய்யலாம்.

பின்களை உருவும்போது எது மேல், எது கீழ் என்று குறித்து வையுங்கள். சில கார்களில் ஒன்றின் நுனியில் சிறு ரப்பர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. மாற்றிப் போட்டால் கொஞ்ச நாளில் பிடிக்கும். பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பிரேக் ரப்பரை ஊறவைத்து வீங்கச் செய்யும். கைடு பின் இறுகிப்போவதற்குத் துருவோடு இந்தத் தவறான கிரீஸும் ஒரு காரணம். அளவும் முக்கியம். துளை நிறையத் திணித்தால் உள்ளே காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

துருவை எடுக்க கம்பி பிரஷ், டிரில்லில் மாட்டும் கப் பிரஷ், மூலைகளுக்குப் பழைய பல்துலக்கி. கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள். பேட் தூளைக் கம்பிரசரால் ஊதக் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதைய தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே சரி. பொரிந்த துரு முழுவதும் உதிர வேண்டும்; இறுகப் பற்றிய பழுப்பு நிறம் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை.

பிறகு பிரேக் கிளீனர். ஒருமுறை அடித்துத் துடைத்து, காய்ந்ததும் இரண்டாம் முறை அடியுங்கள். இரண்டாவதுக்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். நம் வெயிலில் விரல் வியர்வையே பெயின்டைத் தூக்கிவிடும். தண்ணீரால் கழுவினால் காற்றின் ஈரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் புதுத் துரு மஞ்சளாகப் பூத்துவிடும், ஆகவே கடைசிக் கழுவல் கிளீனராகவே இருக்கட்டும்.

டேப் ஒட்ட வேண்டிய இடங்களை மறந்தால் பிரேக்கையே கெடுத்துக்கொள்கிறீர்கள். தூசி ரப்பர், நிப்பிள், கைடு பின் துளைகள், பேட் உட்காரும் பள்ளங்கள், ஹோஸ் சேரும் இடம் ஆகியவற்றில் பெயின்ட் படக்கூடாது. பள்ளத்தில் பெயின்ட் ஏறினால் பேட் இறுகி, டிஸ்க்கை விட்டு விலகாது. பிராக்கெட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேரும் முகத்திலும் பூசாதீர்கள். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே பெயின்ட் படலம் இருந்தால் சூட்டில் அது நசுங்கி மெலியும். போல்ட்டின் இறுக்கம் தானாகவே குறையும்.

இந்த வழிக்கு ஸ்பிரேயைவிட பிரஷ் மேல். காரில் தொங்கும் கேலிப்பருக்கு ஸ்பிரே அடித்தால் டிஸ்க், ஹோஸ், மட்கார்டு எல்லாவற்றிலும் புகை படியும். இரண்டு பாகமாக வரும் கேலிப்பர் பெயின்ட், அதாவது பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக இருந்து கலந்து பூசுவது, தடிப்பாக உட்கார்ந்து வார்ப்பின் சொரசொரப்பை மூடிவிடும். பிரஷ் தடமும் தானே சமமாகும். பிரேக் எண்ணெய் சிந்தினாலும் ஓரளவு தாங்கும். கலந்தபின் டப்பாவிலேயே இறுகத் தொடங்கும் என்பதால், இரண்டு கேலிப்பரும் துடைத்துத் தயாரான பிறகே ஹார்டனரை ஊற்றுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு போதும்.

வழி இரண்டு: முழுவதும் பிரித்து

தூசி ரப்பர் கிழிந்தால் மழையும் செம்மண் சேறும் பிஸ்டனைத் தொடும். பிஸ்டன் துருப்பிடித்தபின் மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும் உள்ளே புற்று வளர்ந்துகொண்டே இருக்கும். இங்கே ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும்.

வாங்க வேண்டியவை: உங்கள் காருக்குரிய சீல் கிட் இரண்டு பக்கத்துக்கும், செப்பு வாஷர்கள் பக்கத்துக்கு இரண்டு, ரப்பர் கிரீஸ், கைடு பின் கிரீஸ், பிரேக் கிளீனர், மூடி திறக்காத பிரேக் எண்ணெய். முன் இரண்டையும் பிளீட் செய்ய 500 மில்லி போதும். நான்கு சக்கரமும் பழைய எண்ணெயை மாற்றுவதென்றால் ஒரு லிட்டர் வாங்குங்கள். தொட்டி மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, நம் கார்களுக்கு ஆகாது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் டாட் 5.1 வேறு.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊர் ஈரத்தை மறக்கக் கூடாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த எண்ணெய்க்கு அந்த வரம்பு 155 மட்டுமே. டாட் 3க்கு முறையே 205, 140. இந்த எண்ணெய் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும் நீண்ட சரிவில் பெடல் திடீரென்று பஞ்சுபோல் அமுங்குவது எண்ணெய் கொதித்து ஆவியானதால். பாதி தீர்ந்த பழைய பாட்டிலை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுவது சிக்கனம் ஆகாது.

பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்பிரசர் காற்றைப் பயன்படுத்துவது பட்டறை வழக்கம். வீட்டில் அது ஆபத்து. பிஸ்டன் குண்டுபோல் பாயும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, கேலிப்பர் வாயில் பிஸ்டன் கழன்று விழாத அளவுக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, பெடலை மெதுவாக மிதித்து முக்கால் பங்கு வெளியே தள்ளிவிடுங்கள். மீதியைக் கையால் திருகி இழுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

ஹோஸைக் கழற்றியதும் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டி வறண்டால் ஏபிஎஸ் உள்ள கார்களில் காற்று அதன் பம்புக்குள் ஏறி, ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாத நிலை வரலாம். இதற்கு எளிய வழி, பெடலை ஓர் அங்குலம் போல அமுக்கி, ஒரு குச்சியால் சீட்டுக்கும் பெடலுக்கும் முட்டுக்கொடுப்பது. மாஸ்டர் பம்பின் வழி அடைபட்டு, சொட்டு நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்குமே என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் காரின் பெயின்டில் சிந்தினால் துடைக்க வேண்டாம், உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது எது என்பதில் பலருக்குக் குழப்பம். இந்த வகைக் கேலிப்பரில் சதுர வெட்டுள்ள சீல், உடம்பின் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் அதனூடே நகரும். பிரேக் மிதிக்கும்போது சீல் கொஞ்சம் வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே எண்ணெயை நிறுத்துவது பிஸ்டனின் வழவழப்பான பக்கச் சுவர். சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் பெரிய குற்றமில்லை. பிஸ்டனில் நகத்தால் உரசும்போது குழி தட்டுப்பட்டால் புதிய பிஸ்டன் போடுங்கள், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. சீல் பள்ளத்தில் துரு சேர்ந்திருந்தால் புதிய சீலும் தூக்கி நின்று பிஸ்டனை இறுக்கும். புது சீல் போட்டும் பிரேக் பிடிக்கிறது என்பவர்களின் கதை பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் முனையோ கொண்டு சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவர் கோடு போட்டுவிடும்.

வெறும் உடம்பையும் பிராக்கெட்டையும் துரு நீக்க, சித்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்கலாம். பிஸ்டனையும் ரப்பரையும் அதில் போடாதீர்கள். எடுத்ததும் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே சூடாக்கி உலர்த்துங்கள். ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கைக்கெட்டும். துரு போகும் என்பது உண்மைதான். நல்ல இரும்பையும் தோலையும் சேர்த்துத் தின்னும். வேண்டாம்.

மேசைமேல் வெறும் உடம்பு இருக்கும் இந்த நிலையில் ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். ஒரு டப்பா இரண்டு கேலிப்பருக்கும் பிராக்கெட்டுக்கும் தாராளம். மெல்லியதாக மூன்று பூச்சு, டப்பா சொல்லும் இடைவெளியில். பல சூடு தாங்கும் பெயின்ட்டுகளில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து மாலையில் இன்னொரு பூச்சு அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி, கிழவி முகம் போல் ஆகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெண்மை படரும்.

சூடு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதில் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஸ்க் வேறு, கேலிப்பர் உடம்பு வேறு. ஊருக்குள் ஓடும் காரில் கேலிப்பர் நீர் கொதிக்கும் சூட்டைத் தொடுவதே அரிது. மலையிறக்கத்தில்தான் அதைத் தாண்டி ஏறும். சாதாரண பைலாக்ஸ் அங்கே மென்மையாகிப் பழுப்பாகும், பிரேக் எண்ணெய் பட்டால் உரிந்துவிடும். அதற்குப் பதிலாக 600 டிகிரி என்று எழுதிய சைலன்சர் பெயின்டை வாங்குவதும் பிழை. அது இறுகுவதற்கே கேலிப்பர் ஒருநாளும் எட்டாத சூடு வேண்டும். எட்டாவிட்டால் மாவாகவே நின்று நகத்துக்கு உதிரும். கேலிப்பருக்கென்று எழுதியதை வாங்குங்கள். அதன் டப்பாவில் அடுப்பில் சுட வேண்டும் என்று இருந்தால், சமையலறை அடுப்பை விட்டுவிட்டு ஹீட் கன் வைத்துச் சூடாக்குங்கள். ஹார்டனர் கலந்த ஸ்பிரே என்றால் துணி முகமூடி உதவாது. ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் முகமூடி வேண்டும், அதுவும் திறந்த வெளியில்.

பூட்டும்போது புது சீலைப் பிரேக் எண்ணெயிலோ ரப்பர் கிரீஸிலோ நனைத்துப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் வையுங்கள். பிஸ்டன் கைப் பலத்திலேயே நேராக இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ கோணலாக இருக்கிறது. வெளியே எடுத்துத் திரும்பப் பாருங்கள். ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது செப்பு வாஷர். பல சிறு கார்களில் கைடு பின் போல்ட்டுகளுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுகளுக்கு ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு இறுக்கம் வரும். உங்கள் காரின் சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்து இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் போடுங்கள்.

கூட ஓர் ஆள் பெடலில் இருந்தால் பிளீட் செய்வது சுலபம்: மிதி, நிப்பிளைத் திற, மூடு, பெடலை விடு. குமிழ் நிற்கும்வரை தொடருங்கள். தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

வழி மூன்று: பவுடர் கோட்டிங்

நீடிப்பதில் இதை அடிக்க எதுவுமில்லை. பிரேக் எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் நம் கார்களுக்கு இது பெரும்பாலும் வீண் செலவு என்பது எங்கள் முடிவு. 180 முதல் 200 டிகிரி அடுப்பில் சுடுவார்கள். எந்த ரப்பரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆகவே வழி இரண்டின் எல்லா வேலையும் உங்கள் தலையில்தான், பெயின்ட் பூசும் வேலை மட்டும்தான் குறையும்.

ஈப்போவில் ரிம்முக்கும் கேட்டுக்கும் பவுடர் போடும் கடைகளுக்குச் சிலிண்டர், சீல் பள்ளம், மரை ஆகியவற்றை அடைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தெரியாத கடை மணல் அடிக்கும்போது எண்ணெய்த் துளைக்குள் மணல் போகும். அதில் ஒரு துணுக்கு பிஸ்டனைக் கீறினாலே போட்ட செலவு போச்சு. பவுடர் தடிப்பாக உட்காரும் என்பதால் பேட் பள்ளங்களை நீங்களே சுரண்டி எடுக்க வேண்டியும் வரும். பெரிய கேலிப்பர் உள்ள பழைய காரை முழுவதும் பிரித்து மீட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

வழி நான்கு: புதியதும் ஹால்ஃப் கட்டும்

நிப்பிள் முறிந்தது, பிஸ்டனில் குழி, உடம்பில் விரிசல்: மூன்றில் ஒன்று இருந்தாலும் புதியதை விசாரியுங்கள். எங்கள் கணக்கு எளிது. இரண்டு கிட், பிஸ்டன்கள், எண்ணெய், பெயின்ட் எல்லாம் சேர்த்துப் புதுக் கேலிப்பர் ஜோடியின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே லாபம். சாகாவுக்கும் மைவிக்கும் வெளிக் கம்பெனி கேலிப்பர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் இந்தப் பாதிக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டிவிடுவீர்கள். வாங்கும்போது பிஸ்டன் விட்டம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடம் வலம் பிடிப்பு வேறுபடும். புஸ்பகோம் வாகனப் பரிசோதனையில் ரோலர்மேல் ஏறும்போது அந்த வேறுபாடு எண்ணாகவே தெரிந்துவிடும்.

ஹால்ஃப் கட் கடையில் தொங்கும் கேலிப்பர் மலிவாகத் தெரியும். அதன் சீல் எத்தனை வருடம் காய்ந்து கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. வாங்கி வந்ததும் பிரித்து கிட் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேறு மாடலின் பெரிய கேலிப்பரை ஏற்றத்தான் அங்கே போவது என்றால் மாஸ்டர் பம்பும் ரிம் இடைவெளியும் ஒத்துவர வேண்டும். அது தனி வேலை.

புதியதைப் பூட்டும்போது நடக்கும் அசட்டுத் தவறு, இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டிவிடுவது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும். எவ்வளவு பிளீட் செய்தாலும் பெடல் கெட்டிப்படாது. நிப்பிள் எப்போதும் மேலே. புதியதைப் பூட்டுவதற்கு முன்பே பெயின்ட் பூசிவிட்டால் வேலை பாதி; துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பை அதுவரை எடுக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி. சிவப்பு வெயிலில் வெளுக்கும், மஞ்சளில் செம்மண் கறை அப்படியே தெரியும். தோட்டச் சாலைக்குக் கறுப்பும் அடர் சாம்பலும் நீடிக்கும். ஒற்றை பிஸ்டன் மைவிக் கேலிப்பரில் இத்தாலியக் கம்பெனிப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவது அவரவர் விருப்பம். பிரேக்குக்கு அது தெரியாது.

எந்த வழியில் போனாலும், சக்கரத்தைப் பூட்டிய பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துவிட்டே கியரைப் போடுங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் மிதி வெறுமையாகப் போகும். அந்த வெறும் மிதியோடு வாசலைத் தாண்டினால் எதிரில் இருப்பதில் போய் முட்ட வேண்டியதுதான். பெயின்ட் முழுவதும் இறுகாத முதல் நாள் மலைப்பாதை வேண்டாம். புதுப் பேட் போட்டிருந்தால் ஆளில்லாத தோட்டச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை இறக்கிப் பழக்குங்கள், நடுவில் முழுவதும் நிறுத்தாமல்.

மறுநாள் காலையில் ஹோஸ் போல்ட்டையும் நிப்பிளையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் காரை நகர்த்த வேண்டாம். எண்ணெய் மட்டத்தையும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். உர மூட்டையைக் கார் பூட்டில் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தின் உள்பக்கத்தையும் வெறும் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். பொட்டாஷ் உரத்தில் இருக்கும் குளோரைடு, டேப் ஒட்டி விட்டுவைத்த அந்த வெறும் இரும்பைத்தான் முதலில் பிடிக்கும். வடித்த பழைய பிரேக் எண்ணெயைப் பாட்டிலில் மூடி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். லயத்துக் கால்வாயில் ஊற்ற வேண்டாம்.